தானியங்கிக் கியர்ப்பெட்டியும் அதன் எண்ணெயும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கக் கருதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் ஓசையைக் கேட்பர், டயர்களை நோக்குவர், வர்ணத்தைத் தடவிப் பார்ப்பர். வண்டி தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகையினதாயின், முதற்கண் ஆராயத்தக்கது கியர்ப்பெட்டியே. பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த வண்டியில் அப்பெட்டி பழுதுற்றால், அதனைச் செப்பனிடும் செலவு சிற்சில வேளைகளில் வண்டியின் விலையையே எட்டிவிடும். கடன் பெற்று வாங்கியவனுக்கு இஃது இரட்டை நஷ்டம். வண்டியும் ஓடாது, கடனும் தீராது.

இப்பெட்டியின் வரலாறு கப்பலிலிருந்து தொடங்குகின்றது. 1905-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், திரவத்தின் வாயிலாகச் சக்தியைக் கடத்தும் முறைக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். அம்முறையைத் தழுவி ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1940-ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரா-மாட்டிக்' என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை அமைத்து விற்றனர். எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றுப்பட்டு மற்றதும் சுழலுமன்றோ? அங்ஙனமே எஞ்சினால் சுழலும் ஒரு விசிறி எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் மற்றொரு விசிறியைச் சுழற்றி, வண்டியை நகர்த்துகின்றது. பிற்காலத்து வண்டிகளில் இவ்வுறுப்பு மேலும் திருந்திய அமைப்புடையதாய் 'டார்க் கன்வெர்ட்டர்' எனப் பெயர் பெறும். இதன் பின்னே பல்சக்கரங்களும், அவற்றைப் பிடிக்கவும் விடவும் செய்கின்ற கிளட்ச் தகடுகளும் உள்ளன. தகடுகளை நெருக்குவதும் எண்ணெயின் அழுத்தமே. எந்தக் கிளட்சுக்கு எப்போது எண்ணெய் செல்லவேண்டும் என்பதை வால்வுகளும், கம்ப்யூட்டரின் ஆணைப்படி திறந்து மூடும் சோலனாய்டுகளும் தீர்மானிக்கின்றன.

ஆகவே, இப்பெட்டியில் எண்ணெய் வெறும் உயவுப்பொருள் அன்று. சக்தியைக் கடத்துவதும், கிளட்சை நெருக்குவதும், பல்சக்கரங்களைக் காப்பதும், சூட்டை வெளிக்கொணர்வதும், தேய்ந்த துகளைச் சுமப்பதும் அதுவே. தகடுகளின் மேல் ஒட்டியுள்ள உராய்வுப்பொருள் பெரும்பாலும் காகித இனத்தைச் சார்ந்தது. எண்ணெய் மிகையாகச் சூடேறின், அதன் குணங் கெடும். கெட்ட எண்ணெயில் தகடுகள் வழுக்கும். வழுக்குவதால் மேலும் சூடேறும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் கேட்டினால், பல்லாண்டு உழைக்கவேண்டிய பெட்டி சில வாரங்களில் அழிவதும் உண்டு.

எண்ணெய் சென்றெட்டாமை என்ன செய்யும் என்பதற்கு ஹோண்டா கம்பெனியாரின் வண்டிகள் சிறந்த சான்று. அவர்தம் அக்காலத்துக் கியர்ப்பெட்டி பிறர் பெட்டிகளைப் போன்றதன்று. இணையான தண்டுகளின்மேல் பல்சக்கரங்களை நிறுத்திக் கிளட்சுகளால் அவற்றைப் பிணைப்பது. அதில் இரண்டாம் கியரின் சக்கரங்கள், சில நிலைமைகளில் மிகுந்த சூடேறிப் பல் உடையக்கூடும் என்பதும், அதனால் பெட்டி இறுகி வண்டி விபத்துக்குள்ளாகலாம் என்பதும் தெரியவந்தன. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அக்கார்டு, ஒடிஸி, பைலட் முதலிய சுமார் 11 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பெற்றன. 15,000 மைலுக்கு உட்பட்டு ஓடியவற்றில், குளிர்ந்து திரும்பும் எண்ணெய்க் குழாயைச் சிறிது மாற்றி, இரண்டாம் கியருக்கு மிகுதியான எண்ணெய் சேரும்படி செய்தனர். அதற்கு மேல் ஓடியவற்றில் அச்சக்கரத்தின் நிறத்தை முதலில் சோதித்தனர். சூட்டினால் நிறம் மாறியிருந்தால் முழுப் பெட்டியையும் மாற்றினர். மாறாதிருந்தால் குழாய்த் திருத்தமே போதியதாயிற்று. தக்க பருவத்தில் ஒரு சிறு எண்ணெய்த் தாரை செய்யும் உதவியை, பருவங் கடந்தபின் பெட்டி முழுவதையும் மாற்றியே பெறவேண்டியிருந்தது காண்க. இத்தகைய வண்டியை வாங்குவோர், அத்திருத்தம் செய்யப்பெற்றதா என்பதை வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு விசாரித்தல் இன்றியமையாதது.

வாங்குமுன் சோதிக்கும் முறையைக் கூறுவோம். எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கும்போது செல்லவேண்டும். விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பாராயின் மற்றொரு நாள் வருவதாகக் கூறி மீள்வது நன்று. முன்செல்லும் கியரிலும் பின்செல்லும் கியரிலும் இட்டவுடன் வண்டி தாமதமின்றிப் பிடிக்கின்றதா என நோக்குக. பின்பு அரைமணி நேரம் ஓட்டுக. கியர் மாறும் வேளையில் எஞ்சின் மட்டும் விரைந்து வண்டி விரையாதிருப்பின், தகடு வழுக்குகின்றது. ஒரே சீரான வேகத்தில் செல்லும்போது, வரிக்கற்கள் மேல் ஓடினாற்போன்ற நடுக்கம் தோன்றின், டார்க் கன்வெர்ட்டரின் உட்கிளட்சை ஐயுறுக. எண்ணெயை முகர்ந்து பார்க்கவும். கரிந்த நாற்றமும் கருநிறமும் தீக்குறிகள். மிகப் பழைய வண்டியில் பளபளக்கும் புத்தெண்ணெய் இருப்பதும் எனக்கு ஐயமே தருகின்றது. அமெரிக்காவில் 1996 முதல் விற்பனையான கார்களில் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் பொருத்துவாய் உண்டு. சின்னாட்களுக்கு முன் குறியீடுகள் அழிக்கப்பெற்றனவா என்பதையும் அதன் வாயிலாக ஊகிக்கலாம்.

இனிப் பழுது தோன்றியபின் செய்வது யாது? முதலில் அது கியர்ப்பெட்டியின் பழுதுதானா என்று தெளிக. எஞ்சினின் ஒரு சிலிண்டர் எரியாமையும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்தமையும் கியர்ப் பழுதுபோலத் தோற்றும். முற்கூறிய ஹோண்டா வண்டிகளில் 'டி' என்னும் எழுத்து விளக்கு கண்சிமிட்டியதைக் கண்டு பெட்டியையே மாற்றத் துணிந்தோர் பலர். ஆனால் வெளிப்புறத்தில் திருகியிருக்கும் சிறு அழுத்த ஸ்விட்சுகள் கெட்டிருப்பதாலும் அங்ஙனம் நேரும்.

எண்ணெய் மாற்றுதல் பற்றி மெக்கானிக்குகளிடையே பெருவிவாதம் உண்டு. மாற்றியதால் பெட்டி கெட்டது என்பார் கூற்றை நான் முழுதும் ஏற்கின்றிலேன். கெடத் தொடங்கியபின் மாற்றுவதே அப்பழிக்குக் காரணம். எனினும் அழுத்தங் கொடுத்துக் கழுவுவதினும், வடித்து நிரப்புதலே மேல். ஒருமுறை வடித்தால் எண்ணெயில் ஒரு பகுதியே வெளிவரும். ஏனையது டார்க் கன்வெர்ட்டரில் தங்கும். ஆதலின் வடித்து, நிரப்பி, ஓட்டி, மீண்டும் வடிக்கவேண்டும். 'ஆயுள் முழுதுக்கும் போதும்' எனச் சிலர் கூறும் எண்ணெய், எவருடைய ஆயுளைக் குறிக்கின்றதோ! முதல் உடைமையாளர் கைவிட்ட பின்னும் வண்டி ஓடவேண்டுமன்றோ?

தகடுகளே கரிந்துவிட்டனவாயின் எண்ணெய் பயன்படாது. அப்போது மூன்று வழிகள் உள. திறமுடைய கைவினைஞர் உள்ளூரில் இருப்பின், பெட்டியைப் பிரித்துப் புதுப்பித்தல் தகும். ஆனால் கெட்ட பாகத்தை மட்டுமன்றி, கெட்ட காரணத்தையும் காட்டும்படி அவரைக் கேட்கவேண்டும். தொழிற்சாலையில் புதுப்பிக்கப்பெற்ற பெட்டி விலை மிகுந்தது, உத்தரவாதம் உடையது. உடைந்த வண்டிகளிலிருந்து எடுக்கும் பெட்டி மலிவானது. எனினும் அவ்வினத்துக்கே உரிய குறை அதனுள்ளும் உறங்கிக் கிடக்கலாம். வண்டியின் மற்றைய உறுப்புகளும் நலிந்திருப்பின், உள்ளபடி கூறி விற்றுவிடுதலே இலாபம்.

எவ்வழியை மேற்கொள்ளினும், எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியையும் அதன் குழாய்களையும் தூய்மை செய்யாமல் புதுப்பெட்டியைப் பூட்டலாகாது. பழைய பெட்டியின் உலோகத் துகள்கள் அங்கே தேங்கியிருந்து புதியதனுட் புகும். பல வண்டிகளில் இக்கருவி ரேடியேட்டருக்குள்ளேயே அடங்கியிருக்கும். அது விரிசலுற்றால் நீர் எண்ணெயோடு கலந்து, இளஞ்சிவப்புப் பால் போலாகித் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும். 2005-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட சில நிஸ்ஸான் பாத்ஃபைண்டர் வண்டிகள் இவ்விதமே கெட்டன. அத்தகைய வண்டியில் பெட்டியோடு ரேடியேட்டரையும் மாற்றவேண்டும்.