பெனட்டன் விளம்பரங்களும் ஜெர்மானியத் தடையும்

கேள்வி: பொய் எதுவும் சொல்லாத விளம்பரத்தைக்கூட நீதிமன்றம் தடை செய்ய முடியுமா?

பதில்: முடியும் என்பதற்கும், அத்தடை நிலைக்காமல் போகலாம் என்பதற்கும் ஜெர்மனியின் பெனட்டன் வழக்கே சான்றாகும். இத்தாலிய ஆடை நிறுவனமான பெனட்டன், புகைப்படக் கலைஞர் ஒலிவியெரோ தொஸ்கானியின் வழிகாட்டலில் 'ஸ்டெர்ன்' இதழில் வெளியிட்ட விளம்பரங்களில் ஆடையே இடம்பெறவில்லை. எண்ணெயில் தோய்ந்த நீர்ப்பறவை, உழைக்கும் சிறுவர்கள், 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என முத்திரை குத்தப்பட்ட மனித உடல் ஆகிய படங்களோடு நிறுவனத்தின் பெயர் மட்டுமே பச்சைக் கட்டத்துள் நின்றது. பிறர் துயரைக் காட்டி எழுப்பும் இரக்கத்தை வணிக ஆதாயமாக்குவது நேர்மையற்ற போட்டிக்கு, அதாவது நல்லொழுக்கத்துக்கு முரணான வணிக நடத்தைக்கு எதிரான சட்டத்தை மீறுவதாகும் என்று கூறி, 1995இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவற்றைத் தடுத்தது. ஆனால், இரக்கத்தைத் தூண்டுவதே குற்றமென்றால் தொண்டு நிறுவனங்களின் நன்கொடை விளம்பரங்கள் என்னாவது? அரசியலமைப்பு நீதிமன்றம், விற்பனை நோக்கம் இருப்பதாலேயே ஒரு கருத்து தன் பாதுகாப்பை இழந்துவிடாது என்றும், பத்திரிகைச் சுதந்திரம் விளம்பரப் பக்கங்களையும் தழுவும் என்றும் விளக்கி, 2000இல் அத்தீர்ப்பை நீக்கியது. உச்ச நீதிமன்றமோ பிடிவாதம் தளராமல் (வேறு எப்படிச் சொல்வது?), மனித மாண்பைக் காரணம் காட்டி எச்.ஐ.வி. விளம்பரத்துக்கு 2001இல் மீண்டும் தடை விதிக்க, 2003இல் அதுவும் நீக்கப்பட்டது.