பெட்டி இல்லாத ஸ்பீக்கர்

ஒரே பலகையில் ஸ்பீக்கர் செய்யலாம். ஓப்பன் பேஃபிள் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "பொட்டி இல்லாம சத்தம் எப்படிடா நிக்கும்?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான்.

கோன் முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. வெறும் ஸ்பீக்கரில் பின்அலை ஓரம் சுற்றி வந்து முன்அலையை அழிக்கும். தவிலின் அடித்தொண்டைச் சத்தம்தான் முதலில் போகும். பலகை அந்தச் சுற்றுவழியை நீட்டுகிறது. 60 செ.மீ. அகலத்துக்குக் கணக்கு இதோ: 344 ÷ (2 × 0.6) = சுமார் 287 ஹெர்ட்ஸ். (344 என்பது ஒலியின் வேகம், விநாடிக்கு மீட்டரில்.) அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் ஒலி குறையும். சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் (1935–2018) என்ற பொறியாளர் இந்த இழப்பைத் தனி சர்க்யூட் வைத்து ஈடுகட்டினார்.

நம்ம கைக்காசுக்கு வேறு வழி உண்டு. கடையில் "பெரிய மேக்னட்தான் பெஸ்ட்" என்பார்கள், நம்பாதீர்கள். சின்ன காந்தம் கோனை இறுக்கிப் பிடிக்காது. அதனால் கீழ்ச்சத்தம் அடங்கிப் போகாது. க்யூ.டி.எஸ். 0.7க்கு மேல் உள்ள மலிவு ஸ்பீக்கரே இங்கே ராஜா!

ஓட்டையை நட்டநடுவில் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள். செம்மங்குப்பம் பக்கத்து ஈரக்காற்றில் பார்ட்டிக்கிள் போர்டு உப்பிவிடும், பிளைவுட் வாங்குங்கள். சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்கு, நம்ம ஊர் பானை ஸ்பீக்கரே போதும்.