விதை உருளைக்கிழங்குக் கொட்டகை செய்து விற்றல்

பதுளை மாவட்டத்தில் வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு விதையினாலேயே பெருஞ் செலவு ஏற்படுகின்றது. தம் நிலத்தில் விளைந்த நல்ல கிழங்கைச் சாக்கிற் கட்டி இருட்டறையில் வைப்போர், நாளடைவில் அழுகலையும் வெளிறி நீண்ட முளைகளையும் காண்கின்றனர். அம்முளைகள் நடும்போது ஒடிந்துவிடும். பின்னர் கடன்பட்டு விதை வாங்க நேரிடும். இந்நட்டத்தைக் குறைக்கவல்ல சிறு கொட்டகையைச் செய்து விற்பது, தச்சுவேலை அறிந்த தோட்டத்து இளைஞருக்கும் கிராமத்தவருக்கும் ஏற்ற கைத்தொழிலாகும்.

ஒளியின் பயன்

நேர் வெயில் படாது, பரவலான வெளிச்சம் மட்டும் படும்படி வைத்த கிழங்கில் முளைகள் குட்டையாகவும் தடித்தும் பச்சையாகவும் வளரும். 1971இல் பேரு நாட்டின் லீமா நகரில் நிறுவப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் இம்முறையைப் பல நாடுகளிற் பரப்பியது. இலங்கைக் கமக்காரர் பலரும் இதனைக் கைக்கொண்டனர்.

அளவும் அமைப்பும்

கால் ஏக்கருக்கு ஏறக்குறைய 200 கிலோகிறாம் விதை வேண்டும். கிழங்கை இரண்டு அல்லது மூன்று அடுக்குக்கு மேற் குவித்தலாகாது. இவ்வாறு பரப்பின் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 4 கிலோகிறாம் கொள்ளும். ஆகவே 6 அடி நீளமும் 2 அடி அகலமும் உடைய நான்கு தட்டுகள் கால் ஏக்கர் விதைக்குப் போதுமானவை.

தட்டுகளைச் சட்டங்களால் இடைவெளி விட்டு அமைக்குக. கீழ்த்தட்டு நிலத்தினின்று ஓரடி உயரத்தில் இருத்தல் வேண்டும். எலி ஏறாதபடி கால்களுக்குத் தகரக் கவசம் இடுக. கிழங்கு அந்துப்பூச்சியும், வைரசு நோயைப் பரப்பும் அழுக்கணவனும் புகாதவாறு நாற்புறமும் நுண்ணிய வலை அடிக்குக. கூரை நன்கு வெளியே நீண்டு, வெயிலையும் மழையையும் தடுத்தல் வேண்டும். தகரக் கூரையின்மேல் மானாப்புல் வேய்ந்தால் வெப்பம் தணியும். நீளப்பக்கம் வடக்கையும் தெற்கையும் நோக்குமாறு கொட்டகையை நிறுத்துக. ஊவாவின் கச்சான் காற்றுக்குக் கூரை பெயராதபடி முளையடித்துக் கட்டுதல் அவசியம்.

பிரித்து மாட்டும் வகை

தோட்டங்களிற் பலருக்குத் தாம் பயிரிடும் நிலம் சொந்தமன்று. நிலையான கட்டடத்திற் பணமிட அவர்கள் அஞ்சுவர். ஆதலால் ஆணிக்குப் பதிலாகப் போல்ட், நட் கொண்டு பொருத்தி, வேண்டியபோது பிரித்து எடுத்துச் செல்லத்தக்கதாகச் செய்க. சிறு லொறியில் ஏற்றிச் செல்லவும் இது வசதியாகும். கொட்டகை நிறுத்துமுன் தோட்ட நிருவாகத்தின் அனுமதியைப் பெறுதல் நன்று.

விற்பனை

முதலில் ஒரேயொரு கொட்டகை செய்து, அதில் விதையிட்டு ஒரு போகம் வைத்துப் பார்க்குக. அக்கிழங்கைச் சாக்கில் வைத்த கிழங்கோடு அயலார் ஒப்பிட்டுக் காணட்டும். அதனினும் சிறந்த விளம்பரம் இல்லை. பலவற்றைச் செய்து அடுக்கி வைத்து முதலை முடக்கற்க. அறுவடைக்கு முன்னரே கட்டளை பெற்று, பொருட்செலவுக்குரிய முற்பணமும் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குக. விலை குறிக்குங்கால் மரம், தகரம், வலை ஆகியவற்றின் விலையுடன் லொறிக் கூலியையும் தம் நாட்கூலியையும் சேர்த்தல் வேண்டும். தம் கூலியைக் கணக்கிடாதோரே விரைவில் தொழிலைக் கைவிடுகின்றனர். வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்குக. மரம் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வேண்டிய அனுமதியையும் முன்னரே அறிந்துகொள்க.

சொல்லவேண்டிய உண்மை

வாங்குவோருக்கு இரண்டு செய்திகளை மறைக்கலாகாது. ஒன்று, நோயுற்ற கிழங்கைக் கொட்டகை குணமாக்காது. வாடல் நோயோ வைரசு நோயோ கண்ட நிலத்துக் கிழங்கை விதையாக வைத்தலாகாது. மற்றது, ஒளிபட்டுப் பச்சையான கிழங்கில் நச்சுப்பொருள் கூடுதலால் அதனை உண்ணலாகாது. உணவுக் கிழங்கை இருட்டிலேயே வைத்தல் வேண்டும். இவற்றைச் சொல்லாது விற்பவர் ஒரு கொட்டகையை விற்கலாம். அவ்வூரில் இரண்டாவதை விற்க இயலாது.

விதை தெரிவு பற்றிய ஐயங்களுக்கு உங்கள் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.