மூட்டு பிறக்கும் முறை

நுழையும்முன்

எழுதுகோலைப் பிடிக்கவும் படியேறவும் துணைபுரிபவை மூட்டுகள். தனித்தனியாக வளர்ந்த எலும்புகள் பின்னர் இணைந்து மூட்டுகள் உண்டாயின எனக் கருதுவது இயல்பு. கருவில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது.

மூட்டுதல் என்றால் இணைத்தல் என்று பொருள். ஆயினும், கருவில் மூட்டு பிறப்பது பிரிவினால்தான். மனிதக் கருவில் நான்காம் வாரத்தின் இறுதியில் கைகால் அரும்புகள் தோன்றுகின்றன. அவற்றினுள் செல்கள் நெருங்கித் திரண்டு குருத்தெலும்பாகின்றன. தொடக்கத்தில் விரல் என்பது இடைவெளியற்ற ஒரே கோல். பின்னர், மூட்டு அமையவேண்டிய இடத்திலுள்ள செல்கள் குருத்தெலும்பாகும் போக்கைக் கைவிட்டு, தட்டையாகி, அடுக்காக நெருங்குகின்றன. இப்பகுதி இடைமண்டலம் எனப்படும்.

இம்மாற்றத்தை ஆள்பவை வளர்ச்சிக் காரணிகள். இவை, ஒரு செல் வெளியிட, மற்றொரு செல் தன் ஏற்பிகளால் உணரும் புரதங்கள். இவற்றுள் எலும்பு உருவாக்கப் புரதங்கள் குருத்தெலும்பு வளர்ச்சியைத் தூண்டுகின்றன. நாகின் என்னும் புரதம் அவற்றைப் பற்றிக்கொண்டு, ஏற்பிகளை அடையவிடாமல் தடுக்கிறது. இத்தடை இல்லையெனில் என்னாகும்? நாகின் மரபணு நீக்கப்பட்ட எலிக்கருக்களில் குருத்தெலும்பு மிகுதியாகப் பெருகியதையும், கைகால் மூட்டுகள் உருவாகாமற்போனதையும் 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரிடத்தும் இம்மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்களால் விரலெலும்புகள் ஒன்றிணைந்து, விரலை மடக்க இயலாத நிலை உண்டாகிறது.

தடை மட்டுமே மூட்டை உருவாக்கிவிடுவதில்லை. எலும்பு உருவாக்கப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஜிடிஎஃப்-5 என்னும் காரணி, மூட்டு அமையும் இடத்தில் பட்டையாக வெளிப்படுகிறது. அதன் மரபணு பழுதடைந்த எலிகளுக்குப் பாதங்கள் குறுகின. சில மூட்டுகள் தோன்றவேயில்லை. ஆகவே, ஒரு காரணி வளர்ப்பதா பிரிப்பதா என்பதை அது செயற்படும் இடமும் காலமும் அளவுமே முடிவுசெய்கின்றன.

இடைமண்டலச் செல்களிலிருந்து மூட்டுக் குருத்தெலும்பும் தசைநாண்களைப் போன்ற இணைப்பு நார்களும் உருவாகின்றன. நடுவே திரவம் நிறைந்த குழி திறக்கிறது. இதற்கு அசைவும் தேவை. முட்டைக்குள் தசைகள் செயலிழக்கச் செய்யப்பட்ட கோழிக்கருக்களில் குழி முறையாக அமையவில்லை. எலும்பு முனைகள் ஒட்டிக்கொண்டன.

கருவில் எழுதப்படும் இக்கணக்கு முதுமைவரை தொடர்கிறது. ஜிடிஎஃப்-5 உற்பத்தியைக் குறைக்கும் பரவலான மரபணு மாறுபாடு, மூட்டுத்தேய்வுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. தேய்ந்த மூட்டுக் குருத்தெலும்பு எளிதில் மீண்டும் வளர்வதில்லை. மூட்டு முதன்முதலில் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிவது, அதனை மீட்டெடுக்கும் வழியைத் தேடுவதற்கு அடிப்படையாகும்.

கற்பவை கற்றபின்...

1. 'வளர்ச்சிக்குத் தூண்டுதலைப் போலவே தடையும் தேவை' என்னும் கருத்தை இப்பாடத்தின் வழி விளக்குக.
2. கருவின் அசைவு மூட்டு அமைப்புக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.