இரத்தத்தில் டோபமைனைத் தேடப்போகும் மகளுக்கு

மகளே, நானோ பொருட்களைக் கொண்டு இரத்தத்தில் டோபமைனை அளக்கப்போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. இந்த வேலையிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. பணிவோடு தொடங்கு. பிளாஸ்மாவில் கட்டற்ற டோபமைன் லிட்டருக்கு ஒரு நானோமோலுக்கும் கீழேதான் இருக்கும். அதே துளியில் வைட்டமின் சி-யும் யூரிக் அமிலமும் லட்சக்கணக்கான மடங்கு அதிகம். வெறும் கார்பன் மின்முனையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தத்தில் சிக்னல் தரும். 1970-களில் கான்சாஸில் வேதியியலாளர் ரால்ஃப் ஆடம்ஸ் எலியின் மூளையில் மின்முனையை வைத்துப் பார்த்தபோதும் வைட்டமின் சி-தான் குறுக்கே நின்றது. பெரியவர்களையே சோதித்த இடம் இது.

2. பொருளின் மேல் மோகம் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிவது கார்பன் நானோகுழாயின் திறமை என்று நம்பியிருந்தார்கள். தயாரிப்பில் மிச்சம் நின்ற இரும்பு ஆக்சைடே அதற்குக் காரணம் என்று 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் காம்ப்டன் குழு காட்டியது. கிராஃபீன் நல்ல முடிவு தந்தால், கிராஃபீன் பூசாத மின்முனையையும் ஓட்டிப் பார்த்த பிறகு மகிழ்ச்சியடை.

3. சின்ன வேலையைப் பிறர் கையில் விடாதே. என் ஆசிரியர் ஓய்வு பெறும்வரை தன் மின்முனையைத் தானே தேய்த்தார். ஈரத் துணியில் 0.05 மைக்ரான் அலுமினாக் குழம்பு. எட்டு போட்டபடி நகரும் கை. கண்ணாடிபோல் பளபளக்கும்வரை நிற்காது. டோபமைன் ஆக்சிஜனேற்றமடைந்து படலமாகப் படியும் குணம் உடையது. அழுக்கு முனை சொல்லும் எண்ணும் அழுக்குதான்.

4. பஃபர் கரைசலில் கிடைத்த எண்ணை இரத்தத்தின் எண் என்று சொல்லாதே. இரத்தத்தின் புரதங்கள் முனையில் ஒட்டிக்கொள்ளும். என்னோடு படித்த ஒருவரின் சென்சார் பஃபரில் பிரமாதமாக வேலை செய்தது, சீரத்தில் மங்கிப்போனது. மங்கிய வரைபடத்தையும் அவர் ஆய்வேட்டில் சேர்த்தார். அடுத்து முயன்ற எங்களுக்கு அந்தப் பக்கம்தான் வழிகாட்டியது.

5. இரத்தம் எடுப்பவரை மதி. நாளை செரட்டோனினையும் அளக்க நேர்ந்தால் இது புரியும்: இரத்தத்தின் செரட்டோனின் பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. குழாயை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் அவை சிதைந்து, பிளாஸ்மாவில் பொய்யான உயர்வு தெரியும். மாதிரியை வாங்கப் போகும்போது அந்த நர்ஸிடம் நின்று பேசு, சந்தேகம் கேள். பதறாத காரியம் சிதறாது.

6. அளந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே. டோபமைன் இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்காது. அதனால்தான் பார்க்கின்சன் நோயாளிக்கு அதைக் கடக்கும் லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். கையில் ஊசி குத்தி எடுத்த இரத்தத்தை வைத்து, மூளையின் டோபமைனை அளந்துவிட்டேன் என்று எழுதினால், அதை நம்பி ஒரு குடும்பம் மருத்துவரிடம் ஓடும். வலி பொறுத்து இரத்தம் தந்தவருக்கு நீ திருப்பித் தரவேண்டியது உண்மையான எண். அது சிறியதாக இருந்தாலும் அதையே கொடு.