மதிப்பெண் போடும் இயந்திரத்தை யார் தட்டிக்கேட்பது?

நம்பிக்கை: ஆசிரியர் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பார், இயந்திரம் பார்க்காது.

2020இல் இங்கிலாந்து ஏறக்குறைய இதை நம்பித்தான் இறங்கியது. கொரோனாவால் ஏ லெவல் தேர்வுகள் ரத்தாயின. நம் ஊர் பிளஸ் டூ போல, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் தேர்வு அது. யாருக்கு என்ன கிரேடு கிடைத்திருக்கும் என்று ஆசிரியர்கள் எழுதித் தந்தார்கள். மாணவர்களைத் தர வரிசைப்படுத்தியும் கொடுத்தார்கள். தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் அமைப்பு அந்த வரிசையை எடுத்து, அதே பள்ளி முந்தைய ஆண்டுகளில் வாங்கிய முடிவுகளின்மேல் பொருத்தியது. இதுவரை யாரும் உயர்ந்த கிரேடு வாங்காத பள்ளியில் படித்த கெட்டிக்கார மாணவி, பள்ளியின் பழைய கணக்குக்காகத் தண்டிக்கப்பட்டாள்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தன. ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கீழே இறங்கியிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொன்னதே ஏற்கப்பட்டது. அத்தகைய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் லண்டன் வீதிகளில் திரண்டார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கி, ஆசிரியர்களின் மதிப்பீட்டுக்குத் திரும்பியது.

அந்தக் கணக்கு இன்றைய சாட்ஜிபிடி போன்றதல்ல, வெறும் புள்ளியியல்தான். ஆனால் நேற்றைய தரவை வைத்து இன்றைய மாணவரை எடைபோடும் பழக்கம் இரண்டுக்கும் பொது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், மாணவரை மதிப்பிடும் ஏ.ஐ. மென்பொருட்களைப் பெரும் ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தி, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. சரியான முடிவு. தவறு நேர்ந்தால் மாணவர் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

நம்பிக்கை: மாணவர் ஏ.ஐ.யில் எழுதி வந்தால், இன்னொரு ஏ.ஐ. பிடித்துவிடும்.

2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு மென்பொருட்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியவை என்று அவை முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ அநேகமாகத் தவறவில்லை. காரணம் எளிது. அடுத்து வரும் சொல்லைச் சுலபமாக ஊகிக்க முடிந்தால், எழுதியது இயந்திரம் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களைத்தானே கையாள்வார்? தமிழ்வழியில் படித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகள் சிக்கக்கூடிய வலை இது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

நம்பிக்கை: கணக்குக்கு விடை வந்துவிட்டால், கணக்கும் வந்துவிடும்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சாட்ஜிபிடி போன்ற உதவியோடு பயிற்சி செய்தவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் சாதித்தார்கள். பிறகு உதவி இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். மூன்றாவது குழுவுக்குக் கொடுத்த கருவி விடையைச் சொல்லாது. ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் படிப்படியாகத் தரும். அந்தக் குழுவுக்குத் தேர்வில் அப்படிப்பட்ட சறுக்கல் இல்லை. கருவியின் மூளை ஒன்றே. ஆசிரியரின் உழைப்பு உள்ளே போனதுதான் வேறுபாடு.

நம்பிக்கை: காகிதம் வேண்டாம், அச்சு வேண்டாம், ஏ.ஐ. படிப்பு சுற்றுச்சூழலுக்கு நல்லது. இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உலவுகிறது: ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் போகிறது.

இரண்டும் பொருந்தவில்லை. தன் ஏ.ஐ. உதவியாளரான ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் வழக்கமான ஒரு கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரமும் ஐந்து துளித் தண்ணீரும் செலவாவதாக கூகுள் 2025இல் கணக்குக் காட்டியது. நிறுவனம் தானே சொல்லும் கணக்கு என்றாலும், அதன்படி ஒரு யூனிட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கலாம். ஆனால் கேள்விகள் கோடிக்கணக்கில் குவிகின்றன. உலகின் தரவு மையங்கள் எல்லாப் பணிகளுக்குமாகச் சேர்த்து 2024இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தை இழுத்தன. இது 2030இல் இரு மடங்கைத் தாண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணிக்கிறது. அயர்லாந்தில் 2023இலேயே நகரத்து வீடுகள் அனைத்தும் சேர்ந்து செலவழித்ததைவிடத் தரவு மையங்கள் அதிகம் செலவழித்தன.

தமிழுக்கு இதில் தனிச் சுமை உண்டு. இம்மென்பொருட்கள் எழுத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டிப் படிக்கின்றன. துண்டு கூடினால் கணிப்பு வேலையும் செலவும் கூடும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ காட்டிய ஒரு மாதிரிப் பத்தி, பழைய முறையில் தமிழில் 116 துண்டுகள். புதிய முறையில் 35. அதே பத்தி ஆங்கிலத்தில் 24தான். தமிழ்வழிப் பள்ளிகளுக்கு மென்பொருள் வாங்குவோர், விலைப்பட்டியலோடு இந்தக் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.