நாணயத்தை நிறுத்துப் பார்ப்போம்

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகப் பணியாற்றுகிறேன். என் பாடம் புள்ளியியல். காலையில் வணிகவியல், அடுத்துப் பொருளியல், பிற்பகலில் விலங்கியல் எனப் பாடவேளை இருக்கும் துறைக்கெல்லாம் செல்வேன். இந்த அலைச்சலிலும் ஒரு நன்மை உண்டு. ஒரே ‘சராசரி’ ஒரு வகுப்பில் வெங்காய விலையாகவும் இன்னொரு வகுப்பில் மீனின் நீளமாகவும் மாறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

எல்லாத் துறைகளிலும் என் காதில் விழும் வாக்கியம் ஒன்று: “சார், எனக்குக் கணக்கு வராது. அதனாலதான் இந்த குரூப் எடுத்தேன்.” இந்த எண்ணம் மாணவரைக் கல்லூரிக்குப் பிறகும் விடுவதில்லை. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறி வினாக்கள். வரலாறு படித்தவரும் அவற்றுக்கு விடையளிக்கத்தான் வேண்டும்.

இம்மாணவர்களிடம் நான் டி.டி.கோசாம்பியைப் பற்றிச் சொல்வதுண்டு. 1907இல் பிறந்த அவர் கணிதப் பேராசிரியர். பண்டைய முத்திரை நாணயங்களில் ஆண்டு இராது. கைமாறக் கைமாற நாணயம் தேயும், எடை குறையும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, நாணயங்களை நிறுத்து, புள்ளியியல் முறையில் அவற்றின் கால வரிசையை அவர் ஆராய்ந்தார். வரலாற்றுக் கேள்விக்குத் தராசு சாட்சி சொன்னது.

இதை உயர்நிலை வகுப்புகளில் செய்து பார்க்கலாம். 1990களில் வந்த கனமான ஐந்து ரூபாய் நாணயங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வெளியிடப்பட்டபோது அவற்றின் எடை 9 கிராம்.

1. ஒரே வகை நாணயங்களை மட்டும் சேகரித்து, ஆண்டுவாரியாகப் பிரிக்கச் செய்யுங்கள்.

2. ஒவ்வோர் ஆண்டிலும் பத்து நாணயங்களை ஆய்வகத் தராசில் சேர்த்து நிறுத்து, சராசரி காணச் சொல்லுங்கள்.

3. ஆண்டையும் சராசரி எடையையும் வரைபடத்தாளில் குறிக்கட்டும்.

பிறகு கேளுங்கள்: பழைய நாணயம் எடை குறைந்திருக்கிறதா? ஒரே ஆண்டு நாணயங்களுக்குள் ஏன் வேறுபாடு? ஆண்டு அச்சிடப்படாவிட்டால் எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கலாம். புள்ளிகள் ஒழுங்காக அமையாமலும் போகலாம். விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பத்து நாணயங்கள் போதுமா என்று ஒரு மாணவர் கேட்டால், அதுவே புள்ளியியலின் தொடக்கம். தொடக்க வகுப்புகளில் தராசு வேண்டாம். தேய்ந்தது, தேயாதது என நாணயங்களை அடுக்கி, ஆண்டைப் படித்துச் சரிபார்த்தாலே போதும்.

கணித ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொண்டு இதை நடத்துவது நல்லது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே கேள்விக்காகச் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும் பிள்ளை, பாடங்களுக்கு நடுவில் சுவர் இருப்பதாக நம்பாது.